முன்னாள் மாணவர் சங்கம்: 2024–25 செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், நேரில் வந்திருக்கும் சிலருக்கும், வாட்ஸ்அப்பில் மட்டும் இருக்கும் பலருக்கும் வணக்கம்.

1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி வருடத்துக்கு ஒருமுறை பொதுக்குழு கூட்டியாக வேண்டும். கூட்டிவிட்டோம். கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, இல்லாததால் அரை மணி நேரம் ஒத்திவைத்து, அதே ஆட்களை வைத்து மறுபடி ஆரம்பித்திருக்கிறோம் என்பது பதிவேட்டில் இருக்கிறது. குரூப்பில் தினமும் காலை வணக்கம் போடுகிறவர்கள் இதையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

வழக்கமான நிகழ்ச்சிகள்: சுதந்திர தினம், குடியரசு தினக் கொடியேற்றத்துக்கு மிட்டாய் கொடுத்தோம். ஆசிரியர் தினத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குச் சால்வை போர்த்தினோம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூவில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களுக்குப் பரிசு கொடுத்தோம். மரக்கன்று நட்டோம், பாதியை ஆடு மேய்ந்துவிட்டது.

இனி உடல்நல அறை விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் குரூப்பில் ஏகப்பட்ட பேச்சு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போன வருடப் பொதுக்குழுவில் இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, பள்ளிக்கு நுழைவு வளைவு கட்டி, நன்கொடையாளர் பெயரைக் கிரானைட்டில் பொறிப்பது. இன்னொன்று என்னுடையது. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உடைந்த பெஞ்சு போட்டுவைத்திருந்த அறையைச் சுத்தம் செய்து, இரண்டு கட்டில் போட்டு, பணி ஓய்வு பெற்ற ஒரு ஸ்டாஃப் நர்ஸை வாரத்தில் சில நாட்களாவது உட்கார வைப்பது. வளைவுக்குக் கைதட்டல் அதிகம். ஓட்டு எடுத்தபோது என் யோசனை மயிரிழையில் ஜெயித்தது. தோற்ற தரப்பு இன்றுவரை சந்தா கட்டவில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா இல்லையா என்பதை உங்கள் யூகத்துக்கு விட்டுவிடுகிறேன்.

"இது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை, நமக்கு எதுக்கு?" என்று கேட்டவர்களுக்கு ஒரு விளக்கம். அரசாங்கம் ஒன்றும் செய்யாமல் இல்லை. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், அதுதான் ஆர்.பி.எஸ்.கே. வண்டி, வருடத்துக்கு ஒருமுறை டாக்டர்கள், நர்ஸ், மருந்தாளுநரோடு பள்ளிக்கு வருகிறது. பிறவிக் குறைபாடு, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரை வாரம் ஒன்று. பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும் குடற்புழு நீக்க மாத்திரை. பத்து வயதிலும் பதினாறு வயதிலும் டெட்டனஸ், டிப்தீரியாவுக்கான டி.டி. தடுப்பூசி. பெண் பிள்ளைகளுக்கு நாப்கின். கண்ணாடி வேண்டியவர்களுக்கு இலவசக் கண்ணாடி. ஆனால் வண்டி வருவது ஒரு நாள். மீதி நாளில் ஒரு பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் வந்தால் பார்ப்பது பி.இ.டி. சார். அவர் பாவம், ஒரு டெட்டால் பாட்டில், பஞ்சு, எந்த வருடத்து மருந்து என்றே தெரியாத ஒரு ஆயின்மென்ட், இவ்வளவுதான் அவருடைய ஆஸ்பத்திரி. அரசுப் பள்ளிகளில் நர்ஸ் என்று தனிப் பணியிடம் கிடையாது. கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார், ஆனால் அவருக்குக் கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், தடுப்பூசி என்று துணை சுகாதார நிலையத்து வேலையே தலைக்கு மேல் இருக்கிறது.

நியூ ஜெர்சியில் இருக்கும் நம்ம தம்பி ஒருவர் வளைவுக்கு ஆதரவாக நீண்ட ஆடியோ போட்டிருந்தார். அவர் மகள் படிக்கும் பள்ளியில் நர்ஸ் உண்டு, அந்த மாநிலத்தில் அது சட்டம். அங்கே இது எப்படி வந்தது என்று தம்பிக்குச் சொல்கிறேன். 1902இல் நியூயார்க்கில் பேன், படர்தாமரை, கண் நோய் என்று பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். லில்லியன் வால்ட் என்ற அம்மையார், லினா ரோஜர்ஸ் என்ற நர்ஸை ஒரு மாத சோதனைக்கு நாலு பள்ளிகளுக்கு அனுப்பினார். அவர் செய்தது பெரிய வைத்தியம் இல்லை. புண்ணுக்கு மருந்து போட்டார், வீட்டுக்குப் போய் அம்மாக்களிடம் பேசினார், பிள்ளையை வகுப்புக்குத் திருப்பி அனுப்பினார். வருகை ஏறியது, நகராட்சி நர்ஸ்களை வேலைக்கு எடுத்தது. மகளுக்கு அது கிடைக்கட்டும், நம்ம ஊர்ப் பிள்ளைக்கு வளைவு போதும் என்றால் அது என்ன நியாயம்?

சரி, அறையில் என்ன நடந்தது என்று பார்ப்போம். நம்ம நர்ஸ் சிஸ்டர் வந்த முதல் வாரமே ஒரு நோட்டு கேட்டார். நீளமான அக்கவுண்ட் நோட்டு. நேரம், வகுப்பு, என்ன தொந்தரவு, என்ன செய்தோம், யாருக்குச் சொன்னோம் என்று கோடு போட்டார். நீங்கள் யாரும் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வரியைப் பெயர் இல்லாமல் காட்டுகிறேன்: "9.20. எட்டாம் வகுப்பு. பிரேயரில் மயக்கம். காலையில் சாப்பிடவில்லை. படுக்க வைத்து, தெளிந்த பிறகு தண்ணீர், கடலை மிட்டாய். 9.50க்கு வகுப்புக்குப் போனாள்." இதே மாதிரி வரிகள் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன. முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. நல்ல திட்டம், ஆனால் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. ஆறாம் வகுப்புக்கு வந்ததும் பிள்ளையின் பசி குறைந்துவிடுமா? ஏழு மணி டவுன் பஸ்ஸைப் பிடித்து வருகிற பிள்ளை மதியச் சத்துணவுவரை தாங்க வேண்டும். கடலை மிட்டாய் ஜாடி இப்போது அறையில் நிரந்தரம். கணக்கில் "மருந்துச் செலவு" என்று இருப்பதில் கணிசமான பங்கு அதுதான். ஆடிட்டர் அண்ணன் கேள்வி கேட்டார், நோட்டைக் காட்டினேன், பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

அந்த நீல மாத்திரை கதையையும் சொல்ல வேண்டும். இரும்புச்சத்து 60 மில்லிகிராம், கூடவே ஃபோலிக் அமிலம். நம்ம காலத்தில் இது கிடையாது. வகுப்பில் கொடுத்தால் பிள்ளைகள் வாயில் போடுவதுபோல் பாவனை செய்துவிட்டு ஜன்னல் வழியாக எறிந்துவிடுவார்கள். மதில் ஓரம் பெருக்குகிற ஆயாம்மாவுக்குத்தான் இது முதலில் தெரியும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அதனால்தான் எறிகிறார்கள். சாப்பிட்ட பிறகு தர வேண்டும் என்பதுதான் விதியே. சிஸ்டர் எச்.எம்.மிடம் பேசி, சத்துணவு முடிந்து கை கழுவும் இடத்திலேயே கொடுக்க ஏற்பாடு செய்தார். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். போன வருடம் ஒரு அப்பா அதைப் பார்த்து மிரண்டு, பள்ளியில் என்னமோ கொடுத்துவிட்டார்கள் என்று சண்டைக்கே வந்துவிட்டார். இந்த வருடம் அப்படி யாரும் வரவில்லை.

கண்ணாடியிலும் இப்படித்தான். இலவசமாகக் கிடைத்த கண்ணாடியைப் பாதிப் பேர் பைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். போட்டால் "சோடாபுட்டி" என்று கேலி. சிஸ்டர் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நோட்டில் இருக்கும் எழுத்துத் தெரியாமல் தடவுவதுபோல் வகுப்பில் நடித்துக் காட்டினார். பிள்ளைகள் சிரித்துத் தீர்த்தார்கள், அப்புறம் சிலர் கண்ணாடியை வெளியே எடுத்தார்கள். எல்லோரும் இல்லை.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு மைதானத்தில் வலிப்பு வந்தது. யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணிக்க ஓடினார்கள், இன்னொருவர் வாயில் கரண்டி வைக்கப் பார்த்தார். சிஸ்டர் எல்லோரையும் விலக்கி, அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துண்டை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108 என்று பி.இ.டி. சாரிடம் போனைக் கொடுத்து வைத்திருந்தார், அதற்குள் நின்றுவிட்டது. பையனுக்கு ஏற்கெனவே மாத்திரை இருக்கிறது, வெளியே தெரிந்தால் பள்ளியை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று வீட்டில் மறைத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது மாத்திரை விட்டுப்போயிருக்கிறது. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் ஒரு பக்க விதிமுறை எழுதினோம். நாள்பட்ட நோய் இருந்தால் பெற்றோர் எழுதித் தர வேண்டும், அது சிஸ்டரின் அலமாரியைத் தாண்டாது. டாக்டர் சீட்டும் பெற்றோர் கையெழுத்தும் இல்லாமல் பள்ளியில் யாரும் மாத்திரை தரக்கூடாது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெரியவர்களுக்கான 650 மில்லிகிராம் காய்ச்சல் மாத்திரையை முழுசாகக் கொடுக்கிற பழக்கத்துக்கு அதோடு முற்றுப்புள்ளி. பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னால் மூடி மறைக்கக் கூடாது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும், குழந்தைகள் உதவி எண்ணான 1098 சுவரில் இருக்க வேண்டும். இதை எழுத இரண்டு வக்கீல் உறுப்பினர்களிடம் உதவி கேட்டேன். ஒருவர் "பாத்துட்டு சொல்றேன்" என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இன்சுலின் போடுகிற ஒரு பெண் பிள்ளையும் இருக்கிறாள். சி.பி.எஸ்.இ. 2017இலேயே இப்படிப்பட்ட பிள்ளைகள் பரீட்சை ஹாலுக்குள் பழம், மிட்டாய், தண்ணீர் பாட்டில் கொண்டுபோகலாம் என்று சொல்லிவிட்டது. நம்முடையது மாநிலப் பாடத்திட்டம் என்றாலும் எச்.எம். அந்தச் சுற்றறிக்கையைப் படித்துவிட்டு உள் தேர்வுகளுக்கு அப்படியே அனுமதித்தார். அறையில் ஃபிரிட்ஜ் இல்லை. சிஸ்டர் ஒரு பானைக்குள் சின்னப் பானை வைத்து, நடுவில் ஈர மணல் நிரப்பி, அதில்தான் மருந்தை வைக்கிறார். சித்திரை வெயிலில் அது எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு விஷயம். பழைய ஃபிரிட்ஜை மாற்றுகிறவர்கள் யாராவது இருந்தால் விற்பதற்கு முன் எனக்கு ஒரு போன் போடுங்கள்.

ஆர்.பி.எஸ்.கே. குழு மேல்சிகிச்சைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்த பிள்ளைகளின் பட்டியலைச் சிஸ்டர் தனியாக வைத்திருக்கிறார். சீட்டு பையிலேயே கிழிந்துபோகும், இல்லாவிட்டால் மாவட்டத் தலைநகருக்குப் போய் வர ஒரு நாள் கூலி போகுமே என்று வீட்டில் தள்ளிப்போடுவார்கள். சிஸ்டர் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்கிறார், சில வீடுகளுக்கு நேரிலும் போகிறார். இதயத்தில் சத்தம் என்று எழுதியிருந்த ஒரு பையனை அப்படித்தான் கூட்டிப்போனார்கள். இப்போது சிகிச்சையில் இருக்கிறான். இதற்கு மேல் விளக்கம் வேண்டுமென்றால் நேரில் வந்து நோட்டைப் பாருங்கள்.

வரவு செலவு: விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், சந்தாவாக வந்தது கொஞ்சம், நன்கொடையாக வந்தது அதைவிடக் கொஞ்சம் அதிகம், செலவு இரண்டையும் தாண்டியது. இடைவெளியைச் செயற்குழுவில் சிலர் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று சொன்னதால் போடவில்லை (அதில் நானும் ஒருவன்). ஆண்டுச் சந்தா 500 ரூபாய். ஒரு குடும்பம் சென்னையில் ஒரு வேளை ஓட்டலில் சாப்பிடும் காசு. 1990 செட்டிலிருந்து 2000 செட் வரைக்கும் நிலுவை வைத்திருப்பவர்களின் பட்டியலை வாசிக்கலாமா என்று தலைவரிடம் கேட்டேன், நாகரிகமாக இருக்காது என்றார். அதனால் வாசிக்கவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது.

நன்றி: தலைமையாசிரியருக்கும், அறையின் சாவியைத் தந்த அலுவலக உதவியாளருக்கும், ஜன்னலுக்குத் திரை தைத்துக் கொடுத்த டெய்லர் அண்ணனுக்கும், கட்டில் கொடுத்த 1987 செட்டுக்கும், கடனுக்குப் பஞ்சும் பேண்டேஜும் தந்த மெடிக்கல் ஷாப்காரருக்கும், கூட்டங்களுக்குத் தவறாமல் வந்த செயற்குழு உறுப்பினர் மூவருக்கும். மற்றவர்களுக்கும் மரபுப்படி நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி. சிஸ்டருக்கு நாம் கொடுப்பது சம்பளம் இல்லை, பஸ் காசும் டீ காசும் சேர்ந்த ஒரு மதிப்பூதியம். ஜூனில் பள்ளி திறக்கும்போது அதைக் கொடுக்கக் கையில் இருப்பு இல்லை. பக்கத்து ஊர் நர்சிங் ஹோம் ஒன்றில் அவரைக் கூப்பிடுகிறார்கள், நாம் கொடுப்பதைப்போல் பல மடங்குக்கு. "நீங்க சொல்லுங்க தம்பி, அப்புறம் அவங்களுக்குப் பதில் சொல்றேன்" என்றார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நுழைவு வளைவு வேண்டும் என்கிறவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. அறை வாசலில் நன்கொடையாளர் பெயர்ப்பலகை வைக்க நான் தயார், கிரானைட்டிலேயே வைக்கலாம். செயலாளர் பதவிக்கு வேறு யாராவது முன்வந்தால் சந்தோஷமாக விட்டுக்கொடுக்கிறேன், நோட்டையும் ஜாடியையும் கணக்கோடு ஒப்படைக்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் மதிய உணவு. பந்தல் வாசலில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார், ஜி-பே வசதியும் உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்