கடைக்கால் தோண்டும்போதே கண்காணிப்பு தேவை

ஆசிரியருக்கு,

பழைய குடியிருப்புப் பகுதிகளைப் புதுப்பிக்கும்போது, மக்களிடம் கருத்துக் கேட்பது பெரும்பாலும் வரைபடம் முடிவான பிறகுதான் நடக்கிறது. அந்தக் கட்டத்தில் அடித்தளத்தையோ வடிகாலையோ மாற்றுவது கடினம். பகுதிவாசிகள் குழுவின் சோதனை, கடைக்காலுக்குக் கோடு போடும் நாளிலேயே தொடங்க வேண்டும். எல்லைக்கல்லிலிருந்து நான்கு பக்கமும் டேப் பிடித்து, பக்க இடைவெளியை அனுமதி வரைபடத்தோடு ஒப்பிட்டால் போதும். சுவர் எழும்பிய பின் இடிக்கச் சொல்லி வழக்கு நடத்துவதைவிட இது எளிது.

ஆழமாகத் தோண்டும் இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். குழியில் ஊறும் நீரை இரவு பகலாக இறைத்தால் சுற்றிலும் நிலத்தடி நீர்மட்டம் இறங்கும். களிமண் சுருங்கி, மண் அமுங்கி, பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விடும். தோண்டுவதற்கு முன்பே அக்கம்பக்கத்து வீடுகளைத் தேதியுடன் படம் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஏற்கெனவே உள்ள விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி வைக்கலாம். அது உடைந்தால் சுவர் நகர்கிறது என்று பொருள். இந்தப் பதிவு இல்லாமல் இழப்பீடு கேட்டால், ‘பழைய விரிசல்’ என்ற ஒரே பதிலில் கோரிக்கை அடிபட்டுப் போகிறது.

புதுக் கட்டடத்தின் தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்துகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அதன் மழைநீர் தாழ்வான பழைய வீடுகளுக்குள்தான் இறங்கும்.

பூங்கா, நடைபாதை, வாடகைதாரருக்கு மாற்று வீடு போன்றவை கூட்டத்தில் சொன்ன வாக்குறுதியாக நின்றுவிடக் கூடாது. அனுமதி ஆணையிலேயே நிபந்தனையாக எழுதப்பட்டு, அவை நிறைவேறும் வரை பணி நிறைவுச் சான்று நிறுத்திவைக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
பகுதிவாசிகள் கண்காணிப்புக் குழுவினர்