பக்க ஓரத்தில் பென்சிலால் ஓர் எண்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஒரு பெண் உடல் இளைத்த கதையை ‘முன்பு, பின்பு’ என்று இரண்டு படங்களோடு வெளியிட்டிருந்தீர்கள். தொடக்க எடை, இப்போதைய எடை, இடுப்புச் சுற்றளவு, ஒரு நாளைக்கு எத்தனை கலோரி என்று எல்லாம் தடித்த எழுத்தில் இருந்தன. எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. அந்தப் பெண்ணின் உழைப்பையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் அந்த இதழைப் புரட்டியபோது, அதே பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஓர் எண் எழுதியிருப்பதைப் பார்த்தேன். என் மகளின் கையெழுத்து. அவளுடைய எடை அது. அதன் கீழே ஒரு கழித்தல் கணக்கு. அவளுக்கு வயது 13.

அந்தக் கணக்கு எதற்கு என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. 16 வயதிலிருந்து 31 வயதுவரை நானும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு அது ஒரு காய்ச்சலில் தொடங்கியது. இரண்டு வாரம் படுத்து எழுந்தபோது உடம்பு வற்றியிருந்தது. பார்க்க வந்தவர்கள், “இளைச்சுட்டியே, இப்பதான் பார்க்க நல்லா இருக்கே” என்றார்கள். நோயில் வற்றிய உடம்புக்குக் கிடைத்த பாராட்டு அது. அதற்கு முன்பு என் தோற்றத்தைப் பற்றி எவரும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. காய்ச்சல் போன பிறகும் அந்த உடம்பை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன். எப்படிப் பிடித்து வைத்தேன் என்பதை எழுத மாட்டேன். என் எடை எவ்வளவு இருந்தது என்பதையும் எழுத மாட்டேன். இதே பயத்தில் இருக்கும் ஒருவர் படித்தால், அந்த எண்ணைத் தன் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். நானும் அப்படி ஒப்பிட்டவள்தான்.

காலையில் கண் விழித்ததும் வெயிட் மெஷின். இரவு படுக்கும் முன் மறுபடியும் வெயிட் மெஷின். நடுவில் இருக்கும் பகல் நல்ல பகலா, கெட்ட பகலா என்பதை அந்த முள்தான் முடிவு செய்யும். கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பித் திரும்பி நிற்பேன். குழுப்படம் எடுத்தால் யாருக்காவது பின்னால் ஒளிந்துகொள்வேன். “வா, சாப்பிடலாம்” என்று யார் அழைத்தாலும் வயிற்றைப் பிசையும். உங்கள் வாசகர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான்: எடை இறங்க இறங்க என் பயம் இறங்கவில்லை. ஏறியது. இன்னும் இரண்டு கிலோ குறைந்தால் நிம்மதி வந்துவிடும் என்று நினைப்பேன். அதுவும் குறையும், நிம்மதி மட்டும் வராது.

ஏன் அப்படி என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. 1944, 45ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஏன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை நடத்தினார். போரில் பட்டினி கிடந்த மக்களுக்கு மறுபடி எப்படி உணவு கொடுப்பது என்று கண்டறிவதற்காக, 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். உடலாலும் மனதாலும் திடமானவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். 24 வாரம் அவர்களுக்கு அரைவயிற்று உணவு. எடையில் ஏறக்குறைய கால் பங்கு போனது. அதோடு போகவில்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் உணவைப் பற்றியே நினைத்தார்கள். சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள். எரிச்சலும் சோர்வும் மேலிட்டு, நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள். எப்போதும் குளிர்ந்தது. வயிறார உணவு கிடைத்த பிறகும் சிலருக்குப் பல மாதங்கள் பசி அடங்கவில்லை. அதுவரை எந்தக் குறையும் இல்லாதிருந்த ஆண்கள் அவர்கள்.

அதைப் படித்த அன்று நான் வெகுநேரம் அழுதேன். சாப்பாட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேனே, ஒருநாள் கட்டுப்பாடு குலைந்து அள்ளி அள்ளித் தின்கிறேனே, எனக்கு மன உறுதியே கிடையாது என்று அத்தனை வருடம் என்னை நானே திட்டியிருக்கிறேன். அதில் பெரும்பகுதி பசி செய்த வேலை. பட்டினி கிடக்கும் உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போராடியதை நான் என் குணக்கேடு என்று எண்ணியிருந்தேன்.

இன்னொன்றும் தெரியாமல் இருந்தேன். உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து, தன் எடையைப்போல மூன்று மடங்கு தண்ணீரையும் சேர்த்தே பிடித்து வைக்கிறது. உப்பு கூடினாலும், மாதவிடாய் நெருங்கினாலும் உடம்பில் நீர் தேங்கும். ஒரே நாளில் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம். அது கொழுப்பு அல்ல. காலையில் ஏறியிருந்த வெறும் தண்ணீருக்காக நான் அன்றைய உணவைத் துறந்த நாட்களுக்குக் கணக்கே இல்லை.

என்னைச் சுற்றி இருந்தவர்கள் ஏன் கண்டுகொள்ளவில்லை என்று கேட்பீர்கள். நான் எலும்பும் தோலுமாக ஆகவில்லை. ஒரு மருத்துவரிடம் தலைசுற்றல், முடி கொட்டுதல், மாதவிடாய் நின்றது என எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உயரத்தையும் எடையையும் அட்டவணையில் பார்த்துவிட்டு, “வெயிட் சரியாத்தான் இருக்கு” என்று அனுப்பிவிட்டார். அந்த அட்டவணையின் கணக்கை 1830களில் வகுத்தவர் கெத்தலே என்ற பெல்ஜிய வானியலாளர். மருத்துவர் அல்ல. சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று மக்கள் கூட்டத்தை ஆராய்ந்தவர். அதற்கு 1972இல் பி.எம்.ஐ., அதாவது உடல் நிறைக் குறியீட்டெண், என்று பெயர் வைத்தவர் அதே ஏன்செல் கீஸ்தான். கூட்டத்தை அளக்க வந்த கணக்கு, ஒருத்தி உள்ளே என்ன பாடுபடுகிறாள் என்பதைச் சொல்லாது. எடை சாதாரண அளவில் இருந்தும் எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் உணவை ஒதுக்கும் அனோரெக்சியா என்ற மனநோயின் மற்ற அறிகுறிகள் எல்லாம் இருக்கக்கூடும் என்பதை, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு மனநோய்க் கையேடே தனியாகக் குறிப்பிடுகிறது. மனநோய்களில் உயிரை அதிகம் பறிப்பவற்றில் அனோரெக்சியாவும் ஒன்று. இதயத் துடிப்பு தடம் புரளலாம், எலும்பு மெலியலாம். இது வசதி படைத்த பெண்களின் வீண் அலங்கார ஆசை என்று இன்னும் சிலர் பேசுவதைக் கேட்கும்போது எனக்குத் தாங்க முடிவதில்லை. ஆண் பிள்ளைகளுக்கும் இது வருகிறது. தசை போதவில்லை என்ற ஏக்கமாகச் சிலருக்கு வருகிறது. அவர்கள் வாய் திறந்து சொல்வதுகூட இல்லை.

ஐயா, பத்திரிகைக்கு இதில் என்ன பங்கு என்று நினைக்க வேண்டாம். பூசினாற்போன்ற உடம்பே நலத்துக்கு அடையாளம் என்று கருதிய சமூகம் பிஜித் தீவுகளில் இருந்தது. அங்கே ஒரு பகுதிக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அங்கிருந்த பள்ளி மாணவிகளிடம் அந்த ஆண்டிலும், மறுபடி 1998லும் விசாரித்தார். எடையைக் கட்டுப்படுத்த வலிந்து வாந்தியெடுப்பதாக முதல் முறை ஒருத்தியும் சொல்லவில்லை. மூன்றே ஆண்டில் அது 11.3 விழுக்காடு. விளம்பரப் படத்தில் மாடலின் உடலைத் திருத்தியிருந்தால், திருத்திய படம் என்று அதிலேயே குறிப்பிட வேண்டும் என 2017இல் பிரான்ஸ் விதி கொண்டுவந்ததும் இப்படிப்பட்ட பாதிப்பைத் தடுக்கத்தான்.

மருத்துவர் சொல்லி எடை குறைக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுங்கள். கிலோவும் கலோரியும் போடாமலே அதை எழுதலாம். படியேறினால் மூச்சு வாங்கவில்லை, முட்டிவலி குறைந்தது, நன்றாகத் தூக்கம் வருகிறது என்று எழுதலாம். முன்பு, பின்பு படங்களை விட்டுவிடுங்கள். உங்கள் மருத்துவப் பகுதியில் உணவுக் கோளாறுகளைப் பற்றி ஒருமுறை விரிவாக வெளியிடுங்கள். பிள்ளை எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர்த்தால், சாப்பிட்டவுடன் கழிவறைக்குப் போய்ப் பூட்டிக்கொண்டால், வெயிலிலும் தொளதொள உடையில் மறைந்தால் பெற்றோர் கவனிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். பதின்ம வயதினருக்குக் குடும்பத்தையே சிகிச்சையில் சேர்த்துக்கொள்ளும் முறை இருக்கிறது, பெற்றோரைக் குற்றம் சொல்லாத முறை, அதையும் சொல்லுங்கள்.

என்னை மீட்டது ஒரு மனநல நிபுணர் தந்த சிகிச்சை. முதலில் பயத்தைப் போக்குவார், பிறகு சாப்பிடச் சொல்வார் என்று நினைத்துப் போனேன். அவர் நேரத்துக்குச் சாப்பிடுவதிலிருந்துதான் தொடங்கினார். எடை வாரத்துக்கு ஒருமுறை, அவர் முன்னால் மட்டும். பயத்தோடுதான் சாப்பிட்டேன், கை நடுங்கச் சாப்பிட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு ஒருநாள், காலையிலிருந்து எடையைப் பற்றி நினைக்கவே இல்லை என்பது மதியம்தான் எனக்கு உறைத்தது.

அந்தப் பென்சில் எண்ணைப் பற்றி மகளிடம் கேட்டேன். “நான் குண்டா இருக்கேனாம்மா?” என்று கேட்டு அழுதாள். இந்த வயதில் எடை கூடத்தான் வேண்டும், கூடாமல் வளர முடியாது என்று சொன்னேன். பிறகு என் கதையை முதன்முறையாக அவளிடம் முழுதும் சொன்னேன். வெயிட் மெஷினை அன்றே வீட்டை விட்டு அகற்றிவிட்டேன். உங்கள் இதழை நிறுத்தவில்லை. அதில் வரும் கதைகள் அவளுக்கு உயிர். அடுத்த இதழ் வந்ததும் எனக்கு முன்பாக அவள்தான் பிரிப்பாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்)