மத்தியச் சட்டங்களின் தமிழ்ப் பாடம் கேட்டு ஒரு மனு

அனுப்புநர்: ஒரு சட்டத் தன்னார்வலர், தென்காசி மாவட்டம்.

பெறுநர்: செயலாளர் அவர்கள், சட்டமியற்றும் துறை, மத்திய சட்டம் மற்றும் நீதி அமைச்சகம், புது தில்லி.

பொருள்: மத்தியச் சட்டங்களின் அதிகாரபூர்வத் தமிழ்ப் பாடத்தை (அதாவது, சட்டத்தின் தமிழ் வாசகத்தை) திருத்தங்களோடு ஒரே இடத்தில் வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். இந்த மனுவை யாருக்கு அனுப்புவது என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலையாகிவிட்டது. உங்கள் அமைச்சகத்தில் மூன்று துறைகள். அரசுக்குச் சட்ட ஆலோசனை சொல்வது, மத்திய அரசின் நோட்டரிகளை நியமிப்பது சட்ட விவகாரத் துறை. நீதிபதி நியமனக் கோப்புகள், நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட், தொலைவிலிருந்தே சட்ட ஆலோசனை தரும் டெலி-லா எல்லாம் நீதித் துறை (2009 வரை அது உள்துறை அமைச்சகத்தோடு இருந்ததாம்). மசோதாவை எழுதுவதும், சட்டமான பிறகு அதைப் பிற மொழிகளில் வெளியிடுவதும் நீங்கள். அதனால்தான் உங்களுக்கு.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய், அவற்றுக்குப் பதிலாக முறையே பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதினியம் என்று புதிதாக மூன்று வந்துவிட்டன. மோசடிக்கான 420 என்றால் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், இப்போது அது நியாய சன்ஹிதாவில் 318(4). சரி, நம்பர் பழகிவிடும். ஆனால் விசாரணைக்கு ஆஜராகச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) நோட்டீஸ் வந்திருக்கிறது என்று (பழைய 41ஏ-தான்) ஒருவர் தாளோடு வந்து, "என்னைக் கைது பண்ணிருவாங்களா?" என்று கேட்கும்போது, நோட்டீஸ்படி ஆஜராகி ஒத்துழைத்தால், காரணத்தை எழுதிவைக்காமல் கைது செய்யக்கூடாது என்று சட்டமே சொல்கிறது என நான் வாயால் சொல்வதில் அவருக்குத் தைரியம் வருவதில்லை, அவர் படிக்கிற மொழியில் அச்சில் காட்ட வேண்டியிருக்கிறது. அதே சட்டத்தின் 173-ம் அப்படித்தான்: சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் புகார் வாங்க வேண்டும், எப்.ஐ.ஆர் நகல் இலவசம். "எங்க லிமிட் இல்ல" என்று திருப்பி அனுப்பப்பட்டவருக்கு இந்த இரண்டு வரிகள் போதும்.

இணையத்தில் தமிழ் மொழிபெயர்ப்பு கிடைக்காமல் இல்லை. யார் செய்தது, எந்தத் திருத்தம் வரை சேர்ந்தது என்று தெரியாத பி.டி.எஃப்-ஐ நீட்டினால் எதிரே இருப்பவர் சிரித்துவிட்டு இங்கிலீஷ் காப்பி கேட்பார்.

இதற்காகப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின்கீழ் அரசிதழில் வெளியாகும் மாநில மொழிப் பாடமும் அதிகாரபூர்வமானதே என்று 1973-ஆம் ஆண்டுச் சட்டம் எப்போதோ சொல்லிவிட்டது. உயர் நீதிமன்றத்தில் தமிழ் என்பது அரசியலமைப்பின் 348-வது பிரிவு சம்பந்தப்பட்ட வேறு வழக்கு, அதை இங்கே கலக்கவில்லை. 1963 ஆட்சிமொழிச் சட்டப்படி மசோதா அறிமுகமாகும்போதே இந்தி மொழிபெயர்ப்பும் கூட வருகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. சட்டம் அமலாகும் தேதிக்குள்ளாவது தமிழிலும் வரட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

ஆகவே, முதலில் இந்த மூன்று சட்டங்கள், அப்புறம் குடும்ப வன்முறைத் தடுப்பு, நுகர்வோர் பாதுகாப்பு, மோட்டார் வாகனம் என்று ஜனங்களுக்கு அன்றாடம் தேவைப்படுபவற்றின் தமிழ்ப் பாடத்தை, சட்டங்களை வெளியிடும் அரசின் இந்தியா கோட் இணையதளத்தில் ஆங்கிலத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஸ்கேன் செய்த படமாக வேண்டாம், தேடினால் கிடைக்கிற எழுத்தாக வேண்டும். எந்தத் தேதி வரையிலான திருத்தம் என்பது மேலேயே இருக்கட்டும். பழைய பிரிவு–புதிய பிரிவு அட்டவணையும் பின்னால் இருந்தால் வக்கீல் குமாஸ்தாக்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

இதற்கெல்லாம் நாளாகும் என்றால், எந்தெந்த மத்தியச் சட்டங்களுக்குத் தமிழ்ப் பாடம் ஏற்கெனவே அரசிதழில் வெளியாகியிருக்கிறது என்ற பட்டியலையாவது முதலில் அனுப்புங்கள். வந்த அன்றே பிரிண்ட் எடுத்து எங்கள் தாலுகா சட்டப் பணிகள் குழு அலுவலகத்தில் ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சட்டத் தன்னார்வலர்