சனிக்கிழமை வெபினார்: காலை 10 இல்லை, மதியம் 12.30

வணக்கம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக வெபினாருக்குப் பதிந்த நம் சுங்கை சிப்புட் உறுப்பினர்கள் இதை முழுக்கப் படித்துவிடுங்கள். அழைப்பில் காலை 10 என்று போட்டிருப்பது இந்திய நேரம், நம் மலேசிய நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். போன தடவை தோட்டத்திலிருந்து ஓர் அக்கா சமையலைக்கூட ஒதுக்கிவிட்டு நம் நேரம் 10 மணிக்கே கைப்பேசியோடு உட்கார்ந்து, திரையில் ஒன்றும் வராததால் நிகழ்ச்சி ரத்து என்று நினைத்து மூடிவிட்டார். எனக்கு மனசே கேட்கவில்லை.

அப்புறம், இது நம் வழக்கமான ஜூம் மீட்டிங் மாதிரி இல்லை. வெபினாரில் பார்வையாளர் முகம் தெரியாது, மைக்கும் மூடியே இருக்கும், போன் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். சந்தேகம் இருந்தால் கேள்வி பதில் பெட்டியில் தமிழிலேயே எழுதுங்கள், சாட்டில் போட்டால் நூறு வணக்கங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும். கை உயர்த்தும் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தால், நடத்துபவர் மைக்கைத் திறந்துவிட்டால் பேசவும் செய்யலாம்.

மின்னஞ்சலில் வந்த இணைப்பு உங்கள் பெயருக்கானது, தயவுசெய்து இங்கே பகிராதீர்கள். எத்தனை மணிக்கு நுழைந்தோம், எப்போது வெளியேறினோம் என்பதெல்லாம் வருகைப் பட்டியலில் பதிவாகும்.

செம்பனைத் தோட்டப் பக்கம் லைன் கிடைக்காதவர்கள் என் வீட்டுக்கு வாருங்கள், வைஃபை இருக்கிறது. 11.30க்கே வந்தால் சாப்பிட்டுவிட்டு உட்காரலாம்.