பெல்ற்றைக் கழற்றினால் மனுவல் ஸ்ரியறிங் ஆகிவிடாது: யாழ்ப்பாணத்துக் கராஜ்களுக்கு ஒரு திறந்த மடல்

குடாநாட்டில் கராஜ் நடத்தும் அண்ணன்மாருக்கும் அங்கே வேலை செய்யும் தம்பிமாருக்கும் வணக்கம்.

2020 மார்ச்சிலிருந்து ஐந்து வருடங்களுக்குக் கிட்ட வாகன இறக்குமதி நின்றிருந்ததால், பழைய யப்பான் ஸ்போர்ட்ஸ் கார்களை எப்படியாவது ஓட வைக்கவேண்டிய நிலை. மஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி ஒன்று றாக் (ஸ்ரியறிங் திரும்புவதைச் சில்லுகளுக்குக் கடத்தும் பல்தண்டுப் பெட்டி) சீல் ஒழுகி வந்தால், பவர் ஸ்ரியறிங் பம்ப்பைச் சுற்றும் பெல்ற்றைக் கழற்றிவிட்டு, "இனி மனுவல்தான், றோட்டு கையில தெரியும்" என்று சொல்லிச் சாவியைக் கொடுப்பது சுலபம். அந்தப் பழக்கத்தை விடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பவர் றாக்கின் தண்டில் ஒரு பிஸ்டன் இருக்கிறது, அதன் இரு பக்கமும் ஓயில். பம்ப் நின்றாலும் பிஸ்டன் அங்கேதான் இருக்கும். ஆகவே திருப்பும் ஒவ்வொரு முறையும் ஓட்டுகிறவர் அந்த ஓயிலை வால்வின் ஒடுக்கமான துவாரங்களுக்குள்ளால் தன் கைப்பலத்தில் தள்ளுகிறார். மெல்லத் திருப்பினால் பெரிதாகத் தெரியாது. வெட்டித் திருப்பினால்தான் வில்லங்கம்: இரண்டு மடங்கு வேகமாகத் திருப்பினால் ஓயிலின் எதிர்ப்பு நான்கு மடங்கு வரை ஏறும். பலாலி வீதியில் நேராக ஓட்டிப் பார்த்து "நல்லாயிருக்கு" என்று சொன்ன அதே கார், ஒழுங்கை முடக்கில் மாடு குறுக்கே வரும்போது கையோடு மல்லுக்கட்டும்.

இன்னொன்று பல் விகிதம். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் கம்பனி மனுவல் றாக் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சுமார் 3.3 சுற்று, பவர் றாக் சுமார் 2.8. சுற்று குறைந்தால் கைக்குப் பாரம் கூடும். பவர் றாக்கை எவ்வளவு வடிவாக மாற்றினாலும் அது மனுவல் றாக்கைவிடப் பாரமாகத்தான் இருக்கும். அதோடு அகல ரயரும் சின்ன ஸ்ரியறிங் வளையமும் போட்டிருந்தால், வாடிக்கையாளருக்கு முதலே சொல்லிவிடுங்கள்.

றாக்கின் இடது வலது ஓயில் குழாய்களை ஒரு ஹோசால் இணைத்துவிடுவது பெல்ற்றை மட்டும் கழற்றுவதைவிட மேல். ஆனால் வீடு போய்ச்சேர மட்டும். பம்ப்பை ஓயில் இல்லாமல் சுற்றவிடுவதோ கேட்கவே வேண்டாம், கெதியாக இறுகிவிடும்.

முறையாக மனுவலாக்குவதென்றால் றாக்கை இறக்கித்தான் செய்யவேண்டும். இறக்க முதல் சில்லுகளை நேராக்கி, ஸ்ரியறிங்கை லொக் பண்ணுங்கள். எயார்பாக் உள்ள காரில் வளையம் சும்மா சுற்றினால் உள்ளே இருக்கும் சுருள் வயர் அறுந்துவிடும். பினியன் (றாக்கின் பல்லை உருட்டும் சின்னப் பற்சில்லு) மூட்டிலும் ரை றொட் (றாக்கைச் சில்லோடு இணைக்கும் கம்பி) மரைகளிலும் அடையாளம் போடுங்கள். தண்டை வெளியே எடுத்துப் பிஸ்டனின் சீல் வளையத்தை வெட்டி எடுங்கள். பழைய ஓயிலை முழுக்கத் துடைத்து, பல்லுக்கும் பினியன் பெயாரிங்குக்கும் லிதியம் கிறீஸ் 2ஆம் இலக்கம் நிறையப் பூசுங்கள். இதுவரை அந்த இடங்களை நனைத்து வைத்திருந்தது ஓயில்தான். பம்ப்புக்குப் போகும் இரண்டு துவாரங்களையும் செப்பு வாசரோடு போல்ற் போட்டு அடையுங்கள். திறந்து கிடந்தால் எங்கள் உப்புக்காற்று தண்டைக் கறளாக்கிவிடும். இடது வலது குழாய்களைப் பழையபடியே பூட்டுங்கள், காற்று போய்வர வழி வேண்டும்.

பினியனுக்குள் இருக்கும் முறுக்குத் தண்டுதான் (முறுகி வால்வைத் திறக்கும் மெல்லிய கம்பி) நுணுக்கமான இடம். அதை அப்படியே விட்டால், சில்லு அசைய முன் ஸ்ரியறிங் கொஞ்சம் வெறுமனே திரும்பும். வெல்ட் பண்ணி அதை இறுக்கலாம், ஆனால் பெயாரிங், சீல் எல்லாம் கழற்றிய பிறகு, ரிக் வெல்டிங்கில், சின்னச் சின்னப் பொட்டாக, ஆறவிட்டு ஆறவிட்டு. அதில் கைதேர்ந்த ஆள் இல்லையென்றால் தொடவே வேண்டாம். அந்தக் கொஞ்ச ஆட்டத்தோடு ஓடலாம், வெடித்த வெல்ட்டோடு ஓடமுடியாது.

எம்எக்ஸ்-5இல் ஏசியும் பவர் பம்ப்பும் ஒரே பெல்ற். பம்ப்பை எடுத்தால் அந்த பெல்ற்றை இழுத்துப் பிடிக்க ஒரு ஐட்லர் கப்பி (சும்மா சுற்றும் சில்லு) வேண்டும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத காரை யாரும் ஏற்கமாட்டார்கள்.

மின்மோட்டார் ஸ்ரியறிங் உள்ள ஹொண்டா எஸ்2000 போன்றவற்றில் பியூஸைப் பிடுங்குவது தீர்வே அல்ல. கை அந்த மோட்டாரையும் சேர்த்து இழுக்கும்.

வேலை முடிய, மீன்காரர் பிடிக்கும் கொக்கித் தராசு ஒன்றை வளையத்தின் ஓரத்தில் மாட்டி, வெறும் வளவில் 10 கிலோமீற்றர் வேகத்தில் திருப்பிப் பாருங்கள். வாகன ஸ்ரியறிங் பற்றிய ஐ.நா. ஒழுங்குவிதி 79, பவர் வேலை செய்யாத காரை 4 செக்கனுக்குள் 20 மீற்றர் ஆரை வளைவுக்குத் திருப்ப ஏறத்தாழ 30 கிலோ இழுவைதான் உச்சம் என்கிறது. பவர் வேலை செய்யும்போது 12 மீற்றர் வளைவுக்கே 15 கிலோதான். 30ஐத் தாண்டினால் அந்தக் காரை வெளியே விடாதீர்கள்.

பிறகு எலைன்மென்ற் (சில்லுகளின் கோணம் சரிபார்ப்பது) கட்டாயம். பில்லில் "பவர் ஸ்ரியறிங் நீக்கப்பட்டது, றாக் மாற்றியமைக்கப்பட்டது" என்று எழுதிக் கொடுங்கள். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் காரைத் திருப்பிக் கூப்பிட்டு, ரை றொட் பூட்டு நட்டுகளையும் கொட்டர் பின்களையும் ஒருக்கால் பாருங்கள். அதற்குக் காசு வாங்க வேண்டாம்.