தண்ணீர் வருவதற்கு முன் அளக்க வேண்டும்: தூர்வாரும் பணிகளைக் கண்காணிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
வெண்ணாற்றுப் பாசனக் கடைமடை விவசாயிகள்,
திருத்துறைப்பூண்டி வட்டம்,
திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவாரூர்.

பொருள்: பாசன வாய்க்கால்களில் தூர்வாரும் ஒப்பந்தப் பணிகளை விவசாயிகள் முன்னிலையில் அளந்து, அதன் பிறகே ஒப்பந்ததாரர்களுக்குப் பணம் வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் நிலங்கள் கடைமடையில் இருக்கின்றன. கல்லணையில் பிரியும் தண்ணீர் நீடாமங்கலத்தில் தண்ணீர் மூன்று ஆறாகப் பிரியும் மூணாறு தலைப்பைத் தாண்டி, ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால் என்று இறங்கி இறங்கி எங்களிடம் வந்து சேருகிறது. எங்களுக்கு அப்பால் கடல்தான். நிலத்தடி நீர் உப்பு. மேலே உள்ள ஊர்க்காரர்களைப் போல போர் போட்டுச் சமாளிக்க எங்களுக்கு வழியில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் சாகுபடி உண்டு, வராவிட்டால் வயல் தரிசு. ஆகவே கோடையில் நடக்கும் தூர்வாரும் வேலையை எங்கள் வீட்டு வேலையாகவே நினைத்துத்தான் கரையில் நின்று பார்க்கிறோம்.

அரசு இதற்குப் பணம் ஒதுக்கவில்லை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். 2022-ல் மட்டும் டெல்டாவில் சுமார் 4,964 கிலோமீட்டர் தூர்வார 80 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. கிலோமீட்டருக்குச் சராசரியாக ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய். வேலையைப் பார்வையிட மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரிகளை நியமித்த ஆண்டுகளும் உண்டு. ஆனால் அதிகாரிகளின் கார் வருவது பாலம் வரைக்கும். எங்கள் குறை பாலத்துக்கு அப்பால் தொடங்குகிறது.

கடந்த ஆண்டு நடந்ததைச் சொல்கிறோம். எங்கள் ஊர்க் கிளை வாய்க்கால் தரையில் 10 அடி அகலம், நீளம் 4,000 அடிக்குக் குறையாது. 2 அடி ஆழத்துக்கு மண் எடுக்க வேண்டும் என்று வேலை தொடங்கிய அன்று தளத்தில் இருந்தவர்களே சொன்னார்கள். ஒப்பந்ததாரரின் ஹிட்டாச்சி இரண்டு நாள் ஓடியது, மூன்றாம் நாள் வண்டியில் ஏறிப் போய்விட்டது. வேலை முடிந்ததாகச் சொன்னார்கள். கரையிலிருந்து பார்த்தால் வாய்க்கால் பளிச்சென்று இருந்தது. ஆகாயத்தாமரை இல்லை, நாணல் இல்லை.

மறுநாள் காலை நாங்கள் ஆறு பேர் வாய்க்காலுக்குள் இறங்கினோம். மூங்கில் கழியில் அரை அடிக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டு எடுத்துப் போனோம். தரையில் பதிந்திருந்த பழைய கோரை வேர்தான் எங்களுக்கு அடையாளம். பாலத்தடியிலிருந்து 400 அடி வரைக்கும் வேர் வெட்டுப்பட்டு, 2 அடி ஆழம் சரியாக இருந்தது. அதற்கு அப்பால் வேர் வெட்டுப்படவே இல்லை. மேல் புல்லையும் சேற்றையும் சுரண்டி, அரை அடி எடுத்திருந்தார்கள். எடுத்த மண்ணையும் கரைக்கு வெளியே கொட்டாமல் உள்சரிவிலேயே சாத்தி, பக்கெட்டால் தட்டிவிட்டிருந்தார்கள். கடைசி மதகுக்கு முன்னால், தண்ணீர் புகுந்து போகும் குழாயான குமிழிக்குள் யாரும் கை வைக்கவில்லை. பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டிருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். மீதி 3,600 அடியில் ஒன்றரை அடி மண் குறைகிறது. அகலம் 10 அடி என்றால் 54,000 கன அடி, அதாவது 540 யூனிட். இரண்டு யூனிட் லாரியில் ஏற்றினால் 270 லோடு. ஒரே ஒரு கிளை வாய்க்காலில் எடுக்காமல் விட்ட மண் இவ்வளவு.

பிரிவு அலுவலகத்தில் போய்ச் சொன்னோம். வந்து பார்க்கிறோம் என்றார்கள். அதற்குள் ஜூன் 12 வந்துவிட்டது, மேட்டூர் திறந்தாயிற்று. கல்லணைத் தண்ணீர் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்த அன்று, எங்களோடு கழி பிடித்து நடந்த எழுபது வயதுப் பெரியவர் கரையில் உட்கார்ந்துகொண்டு, "இனிமே யார கூட்டியாந்து எதக் காட்டுறது தம்பி? தண்ணிக்குள்ள எல்லா வாய்க்காலும் ஒண்ணுதான்" என்றார்.

இந்த மனுவில் நாங்கள் சொல்ல வருவதும் அதைத்தான். சாலை போட்டால் ஒரு வருடம் கழித்தும் தோண்டிப் பார்க்கலாம். கட்டடத்தில் கலவையைச் சுரண்டிப் பார்க்கலாம். தூர்வாரிய வேலைக்கு வேலை முடிந்த நாளுக்கும் தண்ணீர் வரும் நாளுக்கும் இடையில் உள்ள சில நாள்தான் சாட்சி. அந்த நாள்களில் அளக்காவிட்டால், வேலையின் அளவுகளைப் பதியும் எம்-புக்கில் என்ன எழுதப்பட்டிருக்கிறதோ அதுவே உண்மையாகிவிடும்.

விளைவை நாங்கள் இரண்டு முறை அனுபவித்தோம். ஆடியில் தண்ணீர் ஏறவில்லை. மேட்டூரில் 120 அடி நிறைந்தாலும் எங்கள் வாய்க்கால் தரை மேடாக இருந்தால் தண்ணீர் எங்கே ஏறும்? நேரடி விதைப்பு செய்த வயலில் முளைத்த பயிர் காய்ந்தது. ஆயில் இன்ஜின் வாடகைக்கு எடுத்து, பள்ளத்தில் தேங்கியதை இறைத்துக் காப்பாற்றியவர்கள் சிலர். ஐப்பசியில் அதே வாய்க்காலே எங்களுக்கு வடிகால். உள்சரிவில் சாத்திய மண் முதல் அடைமழையிலேயே கரைந்து திரும்ப உள்ளே விழுந்தது, குமிழி முழுவதும் அடைத்தது, வடிய வழியில்லாமல் சம்பாப் பயிர் நாள்கணக்கில் தண்ணீருக்குள் நின்றது. காய்ந்தும் கெட்டோம், மூழ்கியும் கெட்டோம்.

ஒப்பந்ததாரர்கள் எல்லோரும் இப்படி என்று நாங்கள் சொன்னால் அது பாவம். பக்கத்து வாய்க்காலில் வேறொருவர் எடுத்த வேலையில், மண்ணைக் கரைக்கு வெளியே தள்ளி, கரையையும் உயர்த்திக் கொடுத்தார். அந்தப் பக்கம் தண்ணீர் ஒழுங்காக ஏறியது. நன்றாகச் செய்தவருக்கும் சுரண்டிவிட்டுப் போனவருக்கும் ஒரே மாதிரி பில் பாஸ் ஆவதுதான் எங்களை உறுத்துகிறது. வேலை உத்தரவு தாமதமாகக் கிடைத்து, அணை திறப்பதற்குச் சில வாரமே இருக்கும்போது இயந்திரத்தை இறக்கினால் நல்ல ஒப்பந்ததாரரும் அவசரத்தில்தான் செய்வார் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆகவே டெண்டர் நடைமுறைகளை மார்ச் மாதத்திலேயே முடித்து வேலையைத் தொடங்க உத்தரவிடுமாறு முதலில் கேட்டுக்கொள்கிறோம்.

வேலை தொடங்குமுன் தரைமட்ட அளவான லெவல் எடுக்கும்போதும், முடிந்தபின் லெவல் எடுக்கும்போதும் அந்த வாய்க்காலின் பாசனதாரர்களில் மூன்று பேராவது உடன் இருக்க வேண்டும். 100 அடிக்கு ஓர் இடத்தில் அளந்து, எழுதிய அளவைப் படித்துக் காட்டி, அந்தத் தாளில் எங்கள் கையெழுத்தும் வாங்கி, ஒரு நகல் தர வேண்டும். இடையிடையே தோண்டாத மண் திட்டு ஒன்றை அடையாளமாக விட்டுவைக்கச் சொன்னால் எவ்வளவு ஆழம் எடுத்தார்கள் என்பது படிக்காதவர் கண்ணுக்கும் தெரியும். அளந்து முடிந்த பிறகு திட்டை வெட்டிவிடலாம். தண்ணீர் வருவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாக இந்த அளவு முடிய வேண்டும். குறை இருந்தால் அதே ஒப்பந்ததாரர் அதே இயந்திரத்தைக் கொண்டுவந்து சரிசெய்ய அந்தப் பத்து நாள் வேண்டும்.

எங்கள் கையெழுத்து இல்லாத அளவுத் தாளை வைத்து இறுதிப் பில் பாஸ் செய்யக் கூடாது என்பது எங்கள் கோரிக்கைகளில் முக்கியமானது. பிணைத்தொகையையும் வேலை முடிந்த உடனே விடுவிக்காமல், வடகிழக்குப் பருவமழை முடிந்து டிசம்பர் கடைசியில் கரையும் வாய்க்காலும் எப்படி இருக்கின்றன என்று பார்த்தபின் விடுவிக்கலாம். ஒரு மழை தாங்காத வேலையை முடிந்த வேலை என்று எப்படிச் சொல்வது? குறை செய்தவரின் பெயர் அடுத்த டெண்டர் பரிசீலனையில் அதிகாரிகள் மேசைக்கு வர வேண்டும். நன்றாகச் செய்தவரின் பெயரும் வர வேண்டும்.

வாய்க்கால் தலைப்பிலும் கடைசி மதகிலும் தகவல் பலகை வைக்கச் சொல்லுங்கள். நீளம், அகலம், எடுக்க வேண்டிய ஆழம், மண்ணின் கன அளவு, தொகை, தொடங்கும் நாள், முடியும் நாள் எல்லாம் தமிழில் இருக்க வேண்டும். இப்போது தொகை மட்டும் தெரிகிறது, ஆழம் தெரிவதில்லை. எங்களுக்கு வேண்டியது ஆழம்.

இவை சட்டத்துக்குப் புறம்பான கோரிக்கைகள் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 2(j)-ல், அரசுப் பணிகளையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிடக் குடிமக்களுக்கு உரிமை தரப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தச் சட்டப்படி மனுப் போட்டால் பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. எங்களிடம் 30 நாள் இல்லை. மனுப் போட்டுப் பதில் வாங்குவதற்குள் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். ஆகையால்தான் இந்த ஏற்பாட்டைத் தங்கள் உத்தரவாகவே கேட்கிறோம்.

ஆள் அனுப்ப முடியவில்லை என்று அலுவலகத்தில் சொல்வார்கள் என்பதை எதிர்பார்க்கிறோம். ஒரு உதவிப் பொறியாளர் பல வாய்க்கால்களுக்கு ஓட வேண்டியிருக்கிறது; மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கர் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. அதனால்தான் எங்கள் ஆள்பலத்தைத் தருகிறோம். டேப் பிடிக்க, மட்டம் பார்க்கும் அளவுகோல் பிடிக்க, சேற்றில் இறங்க எங்கள் பிள்ளைகள் வருவார்கள். அதற்குக் கூலி வேண்டாம்.

இந்த ஆண்டுப் பணி தொடங்குவதற்கு முன், வரும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இதை எடுத்துக்கொண்டு, நீர்வளத்துறை அலுவலர்களுக்குத் தக்க உத்தரவு பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தாங்களே ஒரு நாள் எங்கள் வாய்க்காலுக்கு வர வேண்டும், பாலத்தோடு நிற்காமல் கடைசி மதகு வரை எங்களோடு நடக்க வேண்டும் என்பதும் எங்கள் வேண்டுகோள். கோடு போட்ட அந்த மூங்கில் கழியைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடைமடைப் பாசன விவசாயிகள்