எம்காஸ் பற்றி நீ கேட்டது

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளைக்கு பாஸ்டனுக்கு மாற்றல், பேரன் அங்கே பத்தாவதில் சேரப் போகிறான், ‘எம்காஸ் தேர்வில் தவறினால் டிப்ளமோ கிடையாதாமே’ என்று மகள் பயப்படுகிறாள் என எழுதியிருந்தாய். எம்காஸ் என்பது பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பொதுத்தேர்வு. டிப்ளமோ என்பது அங்கே பள்ளிப்படிப்பை முடித்ததற்கான சான்றிதழ். தேறினால்தான் டிப்ளமோ என்ற விதி இப்போது இல்லை. 2024 நவம்பரில் மாசசூசெட்ஸ் மக்களே வாக்களித்து எடுத்துவிட்டார்கள். நீக்கச் சொன்னவர்கள் சுமார் 59 சதவீதம்.

2003-இல் பள்ளி முடித்தவர்கள் தொடங்கி, பத்தாம் வகுப்பு ஆங்கிலத்திலும் கணக்கிலும் தேறினால்தான் டிப்ளமோ என்று இருந்தது. 2010-இலிருந்து அறிவியலும் சேர்ந்தது. நம் பிளஸ் டூ மாதிரி அந்த மார்க்கை வைத்துக் கல்லூரியில் இடம் கிடைப்பதில்லை. தேறினாயா இல்லையா, அவ்வளவுதான். மறுதேர்வுகளும் மேல்முறையீடும் உண்டு என்பதால், இதனால் மட்டும் டிப்ளமோ இழந்தவர்கள் ஆண்டுக்குச் சுமார் 700 பேர், நூற்றுக்கு ஒருவர். அந்த ஒருவர் யார் என்பதுதான் என் மனத்தை அறுக்கிறது. பெரும்பாலும் ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளை, அல்லது மாற்றுத்திறன் கொண்ட பிள்ளை. கணக்கில் கெட்டிக்காரப் பெண்கூட வினாவின் நீளமான ஆங்கிலத்தில் மாட்டிக்கொள்வாள். அப்புறம் மறுதேர்வுப் பயிற்சிக்கென்று பாடவேளையை எடுத்தால், படிக்கவேண்டிய வேறு பாடம் போய்விடும்.

வகுப்பில் நடத்தாததைக் கேட்டு டிப்ளமோவை மறுக்கக்கூடாது என்று 1981-லேயே ஃபுளோரிடா வழக்கொன்றில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரியான தீர்ப்பு. ஆனால் விதியை எடுப்பதையும் பக்குவமாகச் செய்யவேண்டும். கலிபோர்னியாவில் இதேபோன்ற தேர்வு இருந்தது. அங்கே 2015 ஜூலைத் தேர்வை ரத்துசெய்தார்கள், தேறினால்தான் டிப்ளமோ என்ற சட்டத்தை மாற்றவில்லை. மற்ற எல்லாம் முடித்து அந்த ஒரு தேர்வுக்காகக் காத்திருந்த பிள்ளைகள், கல்லூரி திறக்கும் நேரத்தில் டிப்ளமோ இல்லாமல் நின்றார்கள். ஆகஸ்டில் அவசரமாகச் சட்டம் போட்டுத்தான் அவர்களைக் கரையேற்ற முடிந்தது.

அமெரிக்க மத்தியச் சட்டம் கேட்பதால், உன் பேரன் பத்தாவதில் எம்காஸ் எழுதத்தான் வேண்டும். டிப்ளமோவுக்கு இப்போது பார்ப்பது வேறு: மாநிலப் பாடத்திட்டப்படியான ஆங்கிலம், கணக்கு, அறிவியல், அமெரிக்க வரலாறு ஆகிய பாடங்களை அவன் சரிவர முடித்தான் என்று பள்ளி மாவட்டம் (அந்த ஊர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) சான்றளிக்க வேண்டும். இதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம் வரும். ஆளுநர் 2025-இல் அமைத்த குழுவின் வேலை, மாநிலம் முழுவதற்கும் பொதுவான நிபந்தனை வகுப்பது. அதனால் பள்ளி சொல்வதை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிளம்புமுன் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் பாடத்திட்டத்தையும் ஆங்கிலத்தில், பள்ளி முத்திரையோடு வாங்கிக்கொள்ளட்டும். நம்மிடம் கணக்கு ஒரே பாடம். அங்கே பல பள்ளிகளில் அல்ஜீப்ரா ஓர் ஆண்டு, ஜியோமெட்ரி ஓர் ஆண்டு. எந்த அத்தியாயம் முடிந்தது என்று காட்டாவிட்டால் படித்ததையே திரும்பப் படிக்க வைத்துவிடக்கூடும். சேர்ந்த முதல் வாரமே பள்ளி கவுன்சிலரிடம் (மாணவர்களுக்குப் பாடத்தேர்வில் வழிகாட்டுபவர்) மூன்று கேள்வி கேட்கச் சொல்: டிப்ளமோவுக்கு எந்தெந்தப் பாடத்தை எடுத்துக்கொள்வார்கள், குறைந்தபட்ச கிரேடு என்ன, இங்கே படித்த ஒன்பதாவதுக்கு எத்தனை கிரெடிட் (பாடம் முடித்ததற்கான புள்ளி) தருவார்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளட்டும்.

அன்புடன்,
கணேசன்